எங்கள் வீட்டு பிரிட்ஜ்

என் அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. ஒரு காரியத்தைக் கெடுத்தாலும் மிச்சம் மீதி வைக்காமல் கெடுப்பாள்.

அன்றைக்கு மதிப்பெண் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கதவு திறக்கவில்லை. பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குத் திறந்தது, அதற்கு மேல் அசையமாட்டேன் என்றது. தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன். எங்கள் ஒற்றை அறையின் நட்டநடுவில் ஒரு சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், மெரூன் நிறம், கைப்பிடியில் பூ வேலை. அதற்கு எதிரே, நான் பாய் விரித்துப் படுக்கிற மூலையில், ஒரு பிரிட்ஜ் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"பாத்து வாடி, சோபாவுல கீறல் விழுந்திடப் போகுது," என்றாள் அம்மா.

விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற துணியை உடுத்தியிருந்தாள். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"என்னம்மா இது?"

"எப்படி இருக்கு, சொல்லு?"

முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு உடனே கத்தத் தோன்றவில்லை. கத்தியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற வாய்ப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மதிப்பெண் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வருமானச் சான்றும் சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு படி: திட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நாங்கள் சொன்னபடியே வசதியில்லாதவர்கள்தானா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். பள்ளி முடித்த வருஷமே சேர்ந்தால்தான் உண்டு. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது தவறிப்போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பதும் தெரியும். அம்மா ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜை காலியாகக் கிடந்தது. "உம் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சதும் அனுப்பு, உனக்காகத்தான் யாரையும் போடாம வச்சிருக்கேன்," என்று மேஸ்திரி பெரிய உபகாரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. சாப்பாடு கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்த மேஜையைப் பார்ப்பேன். அது என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

"அம்மா, நம்மகிட்ட ஒண்ணும் இல்லங்கிறதுக்காகத்தானே சீட்டே குடுக்கறாங்க. நீ எதுக்கு இதையெல்லாம் கொண்டுவந்து அடைச்சு வச்சிருக்கே?"

"அது எனக்குத் தெரியாதாக்கும்? இல்லங்கிறது காகிதத்துல இருக்கட்டும். வீட்டுக்கு வர்ற மனுசிக்கு, இதுங்களுக்குக் குடுத்தா வீணாப் போகாதுன்னு தோண வேணாமா? இந்த ரூம் கேக்கப் போனப்ப என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மூட்டை முடிச்சோடு போய் நின்றபோது, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறை இல்லை என்று சொன்னார்கள். அம்மா மறுநாள் யாரிடமோ கைப்பை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனாள். அதே அறை கிடைத்தது. வாழ்க்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். அதை எனக்காக மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறாள்.

"இதெல்லாம் யாரோடது?"

"மாடி அக்காவோடது. நான் கேட்டது ரெண்டே ரெண்டு நாற்காலி. அவதான், அட சும்மா இரு, நல்லாவே செஞ்சிடுவோம்னு சோபாவைத் தூக்கிக் குடுத்தா. பிரிட்ஜையும் எடுத்துக்கோன்னா. கூடப்பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா."

அம்மா மாடி அக்கா என்பவளை நான் மாடி அத்தை என்பேன். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருப்பவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஹாரன் அடிக்காமல் வாயாலேயே வழி வாங்குகிற ஆள். ஆனால் ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுத்தாலும் எப்போது திருப்பித் தருவாய் என்று மூன்று முறை கேட்பாள். அப்படிப்பட்டவள் பிரிட்ஜையே கொடுத்தாள் என்றபோது என் மூளை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"இப்பவே வெளிய தள்ளணும். பிடி," என்று சோபாவின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன்.

"எப்படித் தள்ளுவே? கதவைக் கழட்டித்தான் உள்ள விட்டோம். தண்ணி கேன்காரர் வந்து கழட்டி, மாட்டிக் குடுத்துட்டு, வீடு வீடா கேன் போடப் போயிட்டார்."

கை கால் ஓடவில்லை. பிரிட்ஜை நகர்த்தலாம் என்றால் அதற்கு சோபா குறுக்கே. சோபாவை நகர்த்தலாம் என்றால் அதற்குக் கதவு குறுக்கே. நானும் அம்மாவும் நடுவில். சலவைக்கூடத்து வெக்கை அந்த அறைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் வெளியே, "இந்த வீடுதானா?" என்று ஒரு குரல் கேட்டது.

திட்ட அலுவலகத்து மேடம் கதவிடுக்கில் ஒருக்களித்து, கோப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து உள்ளே வந்தார். வந்ததும் சோபாவில்தான் உட்கார வேண்டியிருந்தது. நிற்க இடமில்லையே. அப்போதுதான் தையல் கடையிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு டெய்லரம்மா, கையில் இஞ்ச் டேப்போடு கதவிடுக்கை வந்து அடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு தலைகள்.

அம்மா பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஜூஸ் பாட்டில் இருந்தது. அதையும் வாங்கி வைத்திருக்கிறாள் புண்ணியவதி. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, "குடிங்க மேடம், ஜில்லுனு இருக்கும்," என்றாள்.

மேடம் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. அந்த டம்ளர் வேர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிட்ஜ் உங்களோடதாம்மா?"

அம்மா கதவுப்பக்கம் பார்த்தாள். டெய்லரம்மா இமைக்காமல் நின்றாள்.

"எங்களோடதுதாங்க."

"சோபா?"

"அதுவும்தான்."

"இல்ல மேடம்!" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. "எதுவுமே எங்களோடது இல்ல. ரெண்டுமே இரவல். நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்காக அம்மா வாங்கி வச்சிருக்காங்க. எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு பாயும் ஒரு அடுப்பும்தான்."

அம்மாவின் முகம் செத்துப்போனது. என்னை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. நான் அவள் துணியை உருவிவிட்ட மாதிரி பார்த்தாள்.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். களைத்துப்போய்ச் சிரித்தார்.

"எத்தனையோ வருஷமா வீடு வீடா ஏறி இறங்கறேன்மா. நான் வர்றேன்னா இருக்கிற பிரிட்ஜைத் தூக்கி அடுத்த வீட்டுல ஒளிச்சு வைப்பாங்க. டிவி வச்ச இடத்துல காலண்டர் மாட்டுவாங்க. அதெல்லாம் பாத்திருக்கேன். இல்லாத பிரிட்ஜை உள்ள கொண்டுவந்து வச்ச வீட்டை இன்னும் பாக்கல."

"சத்தியமா மேடம். மேல மாடி அத்தை வீட்டுது. வேணும்னா அவங்களையே கேளுங்க."

மேடம் கோப்பைப் புரட்டினார். "மேலயா? அந்த வீட்டுக்கும்தான் போகணும். சரி வா, கேட்டுடலாம்."

அந்த வீட்டுக்கும் போகணும் என்றால் அவர்களும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அத்தை மகள் சில்வண்டும் நானும் ஒரே வகுப்பு. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "அதெல்லாம் நமக்கு எங்கடி வரும், நீ போடு, நான் போடல," என்றாள். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுகிறவள் இதைக் கொட்டவில்லை. சரி, எதற்கோ மறைத்திருக்கிறாள், இருக்கட்டும், அத்தை உண்மையைச் சொன்னால் போதும் என்று படியேறினேன்.

மாடி வீட்டுக் கதவு அகலமாகத் திறந்துகிடந்தது. நான் நூறு முறை போன வீடு. அன்றைக்கு அடையாளம் தெரியவில்லை. திரைச்சீலை இல்லை. மிக்சி இல்லை. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. அத்தை தையல் விட்ட ஒரு பழைய துணியில், தலையை வாராமல், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். வேன் சாவியைக்கூட இடுப்பில் காணோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை எங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. தன் வீட்டைக் காலி செய்திருக்கிறாள். ஒளித்து வைக்க அடுத்த வீடு தேடியிருக்கிறாள், அம்மா நாற்காலி கேட்டுக்கொண்டு தானாகப் போய் நின்றிருக்கிறாள்.

"கீழ இருக்கிற பிரிட்ஜும் சோபாவும் உங்களோடதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுது," என்றார் மேடம்.

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கு ஏதுங்க மேடம் பிரிட்ஜ்? கோடைக்குக் கொஞ்சம் ஐஸ் வேணும்னாகூட கீழ் வீட்டுலதான் போய் நிப்பேன். பாவம், எப்பவும் இல்லேன்னு சொன்னதில்ல."

பொய்யையும் நன்றியோடு சொல்கிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது. எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. சில்வண்டைத் தேடினேன். சுவரோரம் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அதன் கீழே, தரையில், பிரிட்ஜ் நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. மற்ற தரையெல்லாம் தேய்ந்து கறுத்துக் கிடக்க, அந்தச் சதுரம் மட்டும் புதிது. நான் அதைப் பார்ப்பதை, மூலையில் உட்கார்ந்திருந்த சில்வண்டு பார்த்தாள். எழுந்து வந்து, ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சதுரத்தின் மேல் உட்கார்ந்து, பாவாடையை நாலாபக்கமும் இழுத்து விரித்துவிட்டாள்.

"எந்திரிடி," என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"சில்வண்டு, உன்னைத்தான். எந்திரி. மேடம், அவ உக்காந்திருக்கிற இடத்தைப் பாருங்க."

சில்வண்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. அந்த பிரிட்ஜை வாங்க அத்தை எத்தனை நாள் இரண்டு நடை கூடுதலாக ஓட்டினாள் என்பது எனக்குத் தெரியும். அவளும் எங்கேயும் போக வழியில்லாதவள்தான். இதெல்லாம் அப்போதே தெரிந்துதான் நான் கத்தினேன். முடியைப் பிடித்து இழுத்தாவது எழுப்பிவிட வேண்டும் போல இருந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்தேன். மேடம் கையை நீட்டித் தடுத்தார்.

"பொண்ணை மிரட்டாதம்மா. உங்க அம்மா வந்துட்டாங்க பாரு, அவங்களையே கேட்டுக்கறேன்."

அம்மா இரைக்க இரைக்க வாசலில் நின்றாள். பின்னாலேயே டெய்லரம்மா. அத்தை சொன்னதை அம்மா கேட்டிருக்க வேண்டும். வெறும் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் மேடம். "பிரிட்ஜ் இவங்களோடது இல்லேங்கறாங்க. உங்க பொண்ணு, உங்களோடதும் இல்லேங்குது. அப்ப அது யாரோடது? யார் வீட்டுலேர்ந்து வந்துச்சு?"

சொந்தக்காரி இல்லாத பொருள் ஒருத்தி வீட்டில் இருந்தால் அதற்கு ஊரில் என்ன பெயர் என்று அம்மாவுக்குத் தெரியும். டெய்லரம்மா கழுத்தை நீட்டினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்து, "சொல்லும்மா, பயப்படாம சொல்லு," என்றேன். அவள் கை தீயாகச் சுட்டது.

"எங்களோடதுதாங்க," என்றாள் அம்மா. "புள்ளைக்கு சீட்டு போயிடுமோன்னு பயம். அதான் ஏதோ உளறுது."

மேடம் கோப்பில் ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. போகும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பிரிட்ஜ் வச்சிருக்கிறது தப்பில்லம்மா. பொய் சொல்றதுதான் தப்பு. நிஜமாவே இல்லாத புள்ளைங்களுக்கு இது போகட்டும், சரியா?"

சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கீழே வந்தோம். அம்மாவிடமிருந்து தள்ளி நிற்கக்கூட இடமில்லாதபடி சோபா அடைத்துக்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்காரலாம் என்றால் மூலையில் பிரிட்ஜ். வேறு வழியில்லாமல் அம்மாவும் நானும் அந்தச் சோபாவிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மேடம் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன ஜூஸ் அப்படியே இருந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றேன் கடைசியில்.

"பின்ன என்னை என்னன்னு சொல்லச் சொல்றே? திருடின்னா?"

அவள் மேல் வந்த கோபமும் பாவமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை வந்தாள், தண்ணி கேன்காரரோடு. அவர் கையில் ஸ்குரூ டிரைவர். கதவைக் கழற்ற வந்திருக்கிறார். அத்தை தலை வாரியிருந்தாள், சாவியும் இடுப்புக்கு வந்திருந்தது.

"பொருளை எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள், சுவரைப் பார்த்து.

"எந்தப் பொருளு, அக்கா?" என்றாள் அம்மா.

சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அமைதியான குரலை அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை.

"விளையாடாதே. பிரிட்ஜும் சோபாவும்."

"அது எங்களோடதாச்சே. நானும் சொன்னேன், நீயும் சொன்னே. கோப்புலயே ஏத்திட்டாங்க."

தண்ணி கேன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்குரூ டிரைவரை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மா பழி வாங்குகிறாள், வாங்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் அம்மா எழுந்தாள். அத்தையின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். குரல் உடைந்துவிட்டது.

"அக்கா, எனக்கு உன் பொருள் எதுக்கு? நாளைக்குக் காலையில என்கூட அந்த ஆபீசுக்கு வா. என்னோடதுதான், நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சொல்லிட்டு வந்து எல்லாத்தையும் எடுத்துக்க. என் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்து மேல வைக்கிறேன். உன் பொண்ணுக்கு இல்லேன்னு ஆயிடும், தெரியும். ஆனா என் பொண்ணுக்கு அந்த இஸ்திரி மேஜை வேக்காட்டை விட்டா வேற இல்லக்கா."

அத்தை பிரிட்ஜைப் பார்த்தாள். கதவில் சில்வண்டு சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒட்டிய பொம்மை ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள், வரவில்லை.

"இவளுக்குத்தான் மார்க்கு அதிகமாச்சே, எப்படியும் குடுத்துடுவாங்கன்னு நினைச்சேன்," என்றாள். "சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"இப்பவும் குடுப்பாங்க. நீ வந்து சொன்னா."

அத்தை அம்மாவின் பிடியிலிருந்து ஒவ்வொரு கையாக விடுவித்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. பதமாகத்தான்.

"நீயே வச்சுக்க," என்றாள்.

தண்ணி கேன்காரர் முதலில் நழுவினார். அத்தை கதவிடுக்கில் ஒருக்களித்து, ஒரு காலை வெளியே வைத்தவள், திரும்பினாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை அணைச்சுப் போடு. இல்லேன்னா மேல் தட்டுல ஐஸ் கட்டிக்கும்."

மேலே அவள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகுதான் அம்மா அழ ஆரம்பித்தாள்.